மருந்துச்சீட்டிலிருந்து தொடங்குங்கள்: கை நடுக்கம் என்று வருபவரை முதலில் பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொது மருத்துவர்களே, வார்டு செவிலியர்களே, மருந்தாளுநர்களே,

வணக்கம். கை நடுக்கம், உடல் இறுக்கம், நடையில் மாற்றம், தானாகத் திருகிக்கொள்ளும் கழுத்து என்று வருபவர்கள் நரம்பியல் மருத்துவரைத் தேடி வருவதற்கு வெகுநாள் முன்பே உங்களிடம் வந்துவிடுகிறார்கள். அந்த இடைக்காலத்தில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நோயாளி ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரையே நோயை உண்டாக்கியிருக்கும். அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மற்றொன்று, கை நடுங்குகிறது என்பதற்காகவே, அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைவதால் வரும் பார்க்கின்சன் நோய் என்று எழுதி, டோபமினாக மாறும் மருந்தான லெவோடோபாவைத் தொடங்கியிருப்பார்கள். எந்த நேரத்தில், எந்த நிலையில் நடுங்குகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் தடுக்க ஸ்கேன் தேவையில்லை. பத்து நிமிடம், ஒரு வெள்ளைத் தாள், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, இவை போதும்.

முதலில் மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசைமீது கொட்டச் சொல்லுங்கள். "வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். தலைசுற்றலுக்கு எப்போதோ எழுதிக்கொடுத்த மாத்திரையையும் வயிற்று உப்புசத்துக்குத் தினமும் காலையில் போடும் கேப்சூலையும் அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கடந்த ஓராண்டில் என்ன போட்டார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளுனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், அமில அடக்கியோடு ஒரே கேப்சூலில் சேர்ந்துவரும் லெவோசல்பிரைடு, மனநலத்துக்குத் தரும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன். இவை எல்லாம் மூளையில் டோபமினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை அடைப்பவை. டோபமின் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. அதனால்தான் இந்த வகை இறுக்கத்துக்கு லெவோடோபா கொடுத்தால் பெரிதாகப் பயன் தெரிவதில்லை. அதைப் பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டே போவது இன்னொரு தவறு.

மருந்தால் வந்த இறுக்கம் பெரும்பாலும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில், சில வாரங்களில் வளர்ந்து நிற்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் மருந்துக்குத் தொடர்பில்லை என்று முடிவு கட்டாதீர்கள்; அப்படியும் வரும். மருந்தை நிறுத்திய மறுநாளே சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வாரக்கணக்கில், பல நேரம் மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதம் கடந்தும் அப்படியே இருந்தாலோ கூடினாலோ, அடியில் பார்க்கின்சன் நோய் ஏற்கெனவே இருந்து மருந்து அதை வெளியே கொண்டுவந்திருக்கலாம். மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மனநல மருத்துவரோடு பேசி, குவெட்டியாபின் போன்ற ஒன்றுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

இறுக்கம் இல்லாமல் நடுக்கத்தை மட்டும் தரும் மருந்துகள் வேறு பட்டியல்: வால்புரோயேட், லித்தியம், சால்பியூட்டமால், அளவு மீறிய தைராக்சின். வால்புரோயேட் சிலருக்கு இறுக்கத்தையும் தரும். லித்தியம் எடுப்பவருக்கு நடுக்கம் திடீரென்று கூடி, நடை தள்ளாடி, வாந்தியும் இருந்தால் அது நஞ்சாகிக்கொண்டிருக்கிறது. இரத்தத்தில் லித்தியம் அளவும் சிறுநீரகச் செயல்பாடும் அன்றே பார்க்கப்பட வேண்டும். கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கிப் பிடிக்கச் சொன்னால், ஒரு நொடி கை தொங்கி விழுந்து மறுபடி எழுகிறதா? அது நடுக்கமே அல்ல; தசை ஒரு கணம் செயலற்றுப்போவது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாருங்கள்.

வாந்தி ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இளம்வயதுப் பெண் அல்லது சிறுவன், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கண்கள் மேலே சொருகி, கழுத்து ஒரு பக்கம் திருகி, தாடை கோணி, நாக்கு வெளியே தள்ளி வருகிறார். நினைவு முழுமையாக இருக்கும், கேட்டால் பதில் சொல்ல முயல்வார். இதை வலிப்பு என்றும், வில்வாதம் என்றும், மிகக் கொடுமையாக 'நடிப்பு' என்றும் எழுதிவிடுகிறார்கள். இதற்கு மாற்று மருந்து புரோமெத்தசின் 25 மி.கி. ஊசி அல்லது டைஃபென்ஹைட்ரமின் 25 முதல் 50 மி.கி., பெரியவர்களுக்கான அளவு இது. குழந்தைக்கு எடைக்கேற்பக் கணக்கிடுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் புரோமெத்தசின் கூடாது. பெரும்பாலும் சில நிமிடங்களில் கழுத்து தளர்வதைக் கண்முன் பார்க்கலாம். அதோடு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். காரணமான மருந்து உடலில் இன்னும் இருக்கும். இந்த மாற்று மருந்தை மாத்திரையாக 2, 3 நாள் தொடராவிட்டால் அன்றிரவே திரும்ப வரலாம். மூச்சில் கரகரப்புச் சத்தம் கேட்டால் குரல்வளையும் இழுக்கிறது, காற்றுப் பாதைக்கு ஆபத்து. மெட்டோகுளோபிரமைடை அதிகபட்சம் 5 நாள், ஒரு நாளைக்கு 30 மி.கி. என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் வரம்பு வைத்தது இப்படிப்பட்ட விளைவுகளால்தான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் வாயும் நாக்கும் ஓயாமல் மெல்லும் அசைவு வரும். மருந்தை நிறுத்தினாலும் அது சிலருக்குப் போவதே இல்லை.

அட்டைகளைப் பார்த்து முடித்தபின் நோயாளியைப் பாருங்கள். கைகளை மடியில் தளர்வாக வைத்து உட்காரச் சொல்லி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவோ கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லவோ கேளுங்கள். மனம் வேறு வேலையில் இருக்கும்போது மடியில் கிடக்கும் கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் நடுங்கினால் அது ஓய்வு நடுக்கம். பிறகு கைகளை முன்னே நீட்டச் சொல்லுங்கள். ஓய்வு நடுக்கம் அந்த நொடி நின்று, கை நீட்டியபடியே சில வினாடி இருந்தபின் மறுபடி தொடங்கும். அந்தச் சில வினாடி இடைவெளி பார்க்கின்சனைச் சுட்டும். நீட்டிய கணமே நடுங்கத் தொடங்கி, தண்ணீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோகையில் கூடி, மடியில் வைத்ததும் அடங்கினால் அது வேறு நோய், பரம்பரை நடுக்கம். அதைப் பிறகு சொல்கிறோம்.

தாளில் ஒரு முழு வாக்கியம் எழுதவும், கையை ஊன்றாமல் ஒரு சுருள் வரையவும் சொல்லுங்கள். பார்க்கின்சனில் எழுத்து போகப்போகச் சிறுத்து வரி முடிவில் எறும்பு வரிசைபோல் ஆகும். பரம்பரை நடுக்கத்தில் எழுத்து பெரிதாகக் கோணல்மாணலாக இருக்கும், சுருளின் கோடு அலையலையாக இருக்கும். அந்தத் தாளில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த முறை வரும்போது இதைவிட நம்பகமான ஒப்பீடு இல்லை.

அடுத்தது விரல் தட்டல். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முடிந்தவரை அகலமாகவும் வேகமாகவும் 15 வினாடி தட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு கையாக. மெதுவாகத் தட்டுவது மட்டும் சான்றாகாது. மூட்டு வலிக்கும் மெதுவாகும், முதுமைக்கும் மெதுவாகும். தட்டத் தட்ட அகலம் குறைந்துகொண்டே வருகிறதா, நடுவில் தடுமாறி நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் குறைதல் இல்லாமல் பார்க்கின்சன் என்று எழுதக் கூடாது. இதோடு ஓய்வு நடுக்கமோ, மணிக்கட்டையும் முழங்கையையும் நீங்கள் அசைக்கும்போது ஈயக்குழாயை வளைப்பதுபோன்ற இறுக்கமோ சேர வேண்டும். நடுக்கம் கட்டாயமே இல்லை. ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்குத் தொடக்கத்தில் நடுக்கம் இருப்பதில்லை, அவர்கள்தான் வருடக்கணக்கில் தவறவிடப்படுகிறார்கள். 'தோள் பிடித்துக்கொண்டது' என்று எலும்பு மருத்துவரிடம் சுற்றிக்கொண்டிருப்பவரின் அந்தப் பக்கக் கை நடக்கும்போது வீசுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலச்சிக்கல், மணம் தெரியாமல் போனது, தூக்கத்தில் கனவுக்கேற்பக் கையை ஓங்கிக் கத்துவது, இவை நடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே வந்திருக்கக்கூடியவை. கடைசியைப் பக்கத்தில் தூங்குபவரிடம்தான் கேட்க வேண்டும்.

கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள். பத்து மீட்டர் நடந்து திரும்பச் சொல்லி, திரும்புவதற்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். பின்னால் நின்று, முன்கூட்டியே சொல்லிவிட்டு, தோள்களைச் சட்டென்று இழுங்கள். ஓரிரு அடி பின்வைத்து நின்றுவிட்டால் சரி. விழுந்தால் நீங்கள் பிடிக்க வேண்டும். சுவருக்கு அருகில் நின்று செய்யுங்கள், தனியாக இருக்கும்போது கனத்த உடம்புக்காரரை இழுக்காதீர்கள். கடைசியாக, 5 நிமிடம் படுக்கவைத்து இரத்த அழுத்தம், எழுந்து 1-ஆம் நிமிடமும் 3-ஆம் நிமிடமும் மறுபடி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் எழுதிவையுங்கள். லெவோடோபா இதை இன்னும் தாழ்த்தும்.

நோய் தொடங்கிய முதல் ஆண்டிலேயே மீண்டும் மீண்டும், அதிலும் பின்னோக்கி விழுகிறார். பார்வையை மேலும் கீழும் கொண்டுபோக முடியவில்லை. எழுந்தால் மயக்கம், சிறுநீர் கட்டுப்பாடு தொடக்கத்திலேயே போய்விட்டது. மறதியும் மாயத்தோற்றமும் ஆரம்பத்திலேயே வந்தன. இவை சாதாரணப் பார்க்கின்சன் அல்ல, நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியவை. கை முகமெல்லாம் நன்றாக இருந்து கால் மட்டும் தரையில் காந்தம் பிடித்ததுபோல் ஒட்டி நடந்தால், கூடவே சிறுநீர் அவசரமும் மறதியும் இருந்தால், மூளை அறைகளில் நீர் தேங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுங்கள். இங்கேதான் ஸ்கேன் உதவும். வழக்கமான பார்க்கின்சனில் எம்ஆர்ஐ பொதுவாக இயல்பாகவே இருக்கும். அது இயல்பாக இருப்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

கையை நீட்டினால் நடுங்கும் அந்த மற்ற நோய்தான் பரம்பரை நடுக்கம். பார்க்கின்சனைவிடப் பரவலானது. இரு கைகளிலும் வரும், பல ஆண்டாக மெல்ல வளர்ந்திருக்கும், தலையோ குரலோ சேர்ந்து நடுங்கலாம், பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். குவளையைப் பிடிக்க முடிகிறது, கையெழுத்துப் போட முடிகிறது என்றால் விளக்கிச் சொன்னாலே போதும், மருந்து தேவையில்லை. வேண்டுமென்றால் புரோப்ரனோலால் 20 மி.கி. இரு வேளை தொடங்கி மெல்லக் கூட்டலாம். ஆஸ்துமா உள்ளவருக்கும் இதயத் துடிப்பு மிகக் குறைவாக உள்ளவருக்கும் கொடுக்கக் கூடாது. அது பயன்படாவிட்டால் பிரிமிடோன். இதைப் பலர் முதல் மாத்திரையிலேயே தூக்கி எறிந்துவிடுவார்கள், ஏனென்றால் முழு 250 மி.கி. எழுதினால் முதல் நாளே தலைசுற்றலும் குமட்டலும் படுக்கையில் தள்ளிவிடும். 25 மி.கி. அல்லது அதிலும் பாதி, இரவு படுக்கும்போது, வாரத்துக்கு ஒரு படி. இதற்கு லெவோடோபாவால் பயனில்லை.

பார்க்கின்சன் உறுதியானால் லெவோடோபாவுக்குப் பயப்படாதீர்கள். "இப்போதே தொடங்கினால் பிறகு வேலை செய்யாது" என்று அதைத் தள்ளிப்போடுவதால் வீணாவது நோயாளியின் நல்ல ஆண்டுகள்தான். ஆனால் மாத்திரையில் எழுதியிருக்கும் இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். லெவோடோபாவோடு சேரும் கார்பிடோபா, லெவோடோபா இரத்தத்திலேயே டோபமினாக மாறிக் குமட்டலை உண்டாக்காமல் தடுப்பது. அதற்கு ஒரு நாளைக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா வேண்டும். 100/10 மாத்திரை மூன்று வேளை என்றால் கிடைப்பது வெறும் 30. நோயாளி வாந்தி எடுப்பார், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்; அதைவிட மோசம், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு எழுதப்படும், இறுக்கம் இரட்டிப்பாகும். 100/25 மாத்திரையை அரையில் தொடங்கி, சில வாரங்களில் ஒன்று வீதம் மூன்று வேளைக்குக் கொண்டுவாருங்கள். குமட்டினால் இதயத் துடிப்புக் கோளாறு இல்லாதவருக்கு டோம்பெரிடோன் 10 மி.கி.; அது மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை.

உணவுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ கொடுக்க வேண்டும். புரதச்சத்தின் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் அளவைக் கூட்டாதீர்கள். வயிறு காலியாகாதபோது மாத்திரை அங்கேயே கிடக்கிறது. முதல் சில நூறு மில்லிகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்று 'வேலை செய்யவில்லை' என்று எழுதிவிட வேண்டாம். தாங்கினால் நாளொன்றுக்கு 900, 1000 மி.கி. வரை ஒரு மாதம் பார்த்தபின் சொல்ல வேண்டிய சொல் அது. முதியவருக்கு, நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் வேண்டாம். மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு மூன்றையும் தரும். டோபமின்போல் செயல்படும் பிரமிபெக்சால், ரோபினிரோல் தொடங்கினால் சூதாட்டம், அளவில்லாத செலவு, கட்டுக்கடங்காத காம இச்சை வரக்கூடும் என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் முன்பே சொல்லுங்கள். அவமானத்தால் அவர்களாக ஒருபோதும் சொல்ல மாட்டார்கள்.

நாற்பது வயதுக்குள் யார் வந்தாலும், நடுக்கமோ இழுப்போ பேச்சுக் குழறலோ எதுவானாலும், வில்சன் நோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் விடாதீர்கள். செம்பு உடலில் சேர்ந்து மூளையையும் கல்லீரலையும் அரிக்கும் நோய் இது, காலத்தில் கண்டால் மருத்துவம் இருக்கிறது. இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் மருத்துவரின் பிளவுவிளக்கில் கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம், மூன்றும் பாருங்கள். உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் அழைத்துச் சோதியுங்கள். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. குழந்தைக்குக் கால் திருகி நடை கோணி, காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமானால், பெருமூளை வாதம் என்ற முத்திரையைக் குத்துவதற்கு முன் குறைந்த அளவு லெவோடோபாவைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். அந்த மாத்திரையால் எழுந்து ஓடும் குழந்தைகள் உண்டு. கை கால் துள்ளிக்கொண்டே இருக்கும் பள்ளிக் குழந்தையைச் சேட்டை என்று கண்டிக்காமல், தொண்டைத் தொற்றுக்குப் பின்வரும் வாதக் காய்ச்சலா என்று பாருங்கள். இதய எக்கோ கட்டாயம் வேண்டும்.

ஒரு பக்கக் கை கால் திடீரென்று தானாக ஆடத் தொடங்கினால் முதலில் விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள். மிக உயர்ந்த சர்க்கரையே அதைச் செய்யும். சர்க்கரை சரியாக இருந்தால் பக்கவாதமாகக் கருதி உடனே அனுப்புங்கள். எந்த அசைவுக் கோளாறானாலும் 'எந்த நிமிடம் தொடங்கியது' என்று நோயாளி சொல்ல முடிந்தால் அது அவசரம்.

இரவு படுத்ததும் காலில் ஊர்வதுபோல் இருந்து, எழுந்து நடந்தால் மட்டும் அடங்குகிறதென்றால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை இரத்தத்தில் பாருங்கள். லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழ் என்றால் இரும்புச்சத்துதான் முதல் மருந்து.

வார்டு செவிலியர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். பார்க்கின்சன் நோயாளி நிமோனியாவுக்கோ எலும்பு முறிவுக்கோ சேரும்போது அவரது மாத்திரை நேரம் வார்டின் காலை, மதியம், இரவு வரிசைக்குள் அடைக்கப்படுகிறது. கார்பிடோபாவோடு சேர்ந்தும் லெவோடோபா இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரமே ஆகும். வீட்டில் 6, 10, 2, 6 என்று எடுத்தவருக்கு அரை மணிக்கு மேல் தள்ளினாலே விழுங்க முடியாமல், திரும்பிப் படுக்க முடியாமல் போகலாம். விழுங்க முடியாததால் அடுத்த வேளையும் தவறும். மருந்து அட்டவணையில் மணியை எழுதுங்கள், வேளையை அல்ல. மருந்தகத்தில் இருப்பு இல்லை என்றால் அவர் கொண்டுவந்ததைக் கொடுக்க அனுமதி கேளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை நசுக்காதீர்கள். ஒரே நேரத்தில் முழு அளவும் இறங்கும். விழுங்க முடியாதவருக்கு மூக்குக் குழாய் வழியாகச் சாதாரண மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாம், அதுவும் இயலாவிட்டால் தோலில் ஒட்டும் ரோடிகோடின் மருந்துப் பட்டை. எக்காரணத்தாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சல், பலகைபோன்ற விறைப்பு, நினைவு மங்குதல், தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாதல் என்று உயிரைப் பறிக்கும் நிலை வரும்.

இரவில் குழம்பிக் கத்தினால் ஹாலோபெரிடால் போடாதீர்கள். முதலில் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றைத் தேடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் குறைந்த அளவு குவெட்டியாபின். பார்க்கின்சனுக்குத் தரும் செலிஜிலின் அல்லது ரசாஜிலின் எடுப்பவருக்கு, வலி மருந்துகளில் பெத்திடின் கூடாது, டிரமடாலும் கூடாது. மயக்க மருந்து மருத்துவருக்கு அதைச் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். அறுவைக்கு உண்ணாமல் இருக்கச் சொல்லும்போது மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கலாமா என்று மயக்க மருந்து மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு, பட்டியலில் அவரை முதல் ஆளாக வைக்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு அனுப்பும் கடிதத்தில் 'நடுக்கம், ஆலோசனை தேவை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்கம் தொடங்கியது, எப்போது, ஓய்விலா செயலிலா, முதல் ஆண்டில் விழுந்தாரா, படுத்தும் எழுந்தும் இரத்த அழுத்தம், கடந்த ஓராண்டின் எல்லா மருந்தும் அளவும் நிறுத்திய தேதியும். கூடவே அவர் எழுதிய அந்த ஒரு வரியும் சுருளும் உள்ள தாளை இணையுங்கள்.

இப்படிக்கு,
இயக்கக் கோளாறு மருத்துவத்தில் பணியாற்றும் நரம்பியல் மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள்